முதலில் உள்ளே போனவர்

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பாடம் நடத்த வந்த மேடம் என்று நினைத்துவிட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் விளங்கியது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிஜமான மேடம் உள்ளே வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் அத்தனை சின்னப் பெண்ணாக இருந்தார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். பள்ளிச் சீருடைகள், ரவிக்கைகள், ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளம் குறைப்பது என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இந்த நிலையில், தலை நரைக்கிற வயதில், அவள் காலை வகுப்புக் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தாள் என்றால் சந்தில் பேசாமல் இருப்பார்களா?

கணவர்தான் முதலில் கேலி செய்தார். ராஜாக்கள் எல்லாம் செத்து மண்ணாகிவிட்டார்கள், அவர்களுக்கு இனிமேல் நீ அளவெடுத்து என்ன தைக்கப் போகிறாய் என்றார். ஆனால் கல்லூரியில் பணம் கட்டும் நாளன்று லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வரிசையில் போய் நின்றவரும் அவர்தான். ஏன் வரலாறு என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் ஒரே பதிலைச் சொல்லிவைத்தாள். "அதுலதான் இடம் இருந்துச்சு."

அது பொய். உண்மையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஊரில் ஒரு காலத்தில் பஞ்சாலை ஒன்று ஓடியது. அவளுடைய அப்பா அதில் ஃபிட்டர். அவள் சிறுமியாக இருந்தபோது ஆலையில் பெரிய ஸ்ட்ரைக் நடந்தது. மாதக்கணக்கில் நீண்டது. அடுப்பு எரியாத வீடுகள் ஆலைத் தெருவில் பெருகிக்கொண்டே போயின. பிறகு ஒரு நாள் காலையில் யாரோ ஒருவர் கேட்டைத் தாண்டி வேலைக்கு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் போனார்கள். ஸ்ட்ரைக் உடைந்தது. கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. முதலில் உள்ளே போனவர் ஃபிட்டர்தான் என்று தெரு முழுவதும் சொன்னது.

மறு வாரம் பள்ளியில் அவளுடைய பக்கத்துச் சிறுமி புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். "இவ கருங்காலி மக" என்றாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினாள். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "உங்கப்பா போகலடி. வேற யாரோ போனாங்க. பழியைத் தூக்கி நம்ம மேல போட்டுட்டாங்க."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வளர்ந்தாள். அப்பா அதன் பிறகு ஆலையில் தனியாகவே சாப்பிட்டார். டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். அவர் எதையும் மறுத்துப் பேசியதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை. நெஞ்சுவலியில் அவர் போய்ச் சேர்ந்த அன்று ஆலைக்காரர்கள் ஒருவரும் வாசற்படி மிதிக்கவில்லை. ஆலையில் நூல் நூற்கும் பிரிவில் இருந்த எதிர்வீட்டு ஸ்பின்னிங் அக்காகூடக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய அந்தக் கதவைப் பார்த்தபடி நின்ற பெண்ணின் மனதில் ஒரு வைராக்கியம் பிறந்தது. என் அப்பா போகவில்லை என்று ஒரு நாள் நிரூபிப்பேன். அதற்கு எந்தப் படிப்பு வேண்டுமோ அதைப் படிப்பேன்.

கல்யாணம், பிள்ளை, தையல் மெஷின் எல்லாம் குறுக்கே வந்தன. வைராக்கியம் மட்டும் நரைக்காமல் இருந்தது.

மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். பிள்ளைகள் கோட்டை, துறைமுகம், பழைய நாணயம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் பஞ்சாலை ஸ்ட்ரைக் என்றாள். மேடத்தின் முகம் மலர்ந்தது. ஆலைக் காகிதங்கள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன, சங்கத்துக்காரர்களிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டுப் பதிவு செய்து எழுதும் வாய்மொழி வரலாறாகத்தான் இதைச் செய்ய முடியும் என்றார். பிறகு எதையோ யோசித்தவர் போல, இதில் உங்களுக்குச் சொந்த சம்பந்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"எங்க ஊர் விஷயம் மேடம்" என்றாள் அவள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் அம்மாவுக்குத் தகவல் போயிற்று. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. பகலில் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்து, தைத்த துணிகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளை விரலால் தடவித் தடவி நறுக்கிக் கொடுப்பாள். மகள் இப்படி ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும், இதெல்லாம் எதுக்கு இப்போ என்று முதலில் சொன்னாள். பிறகு அவளே தினமும் விசாரிக்க ஆரம்பித்தாள். எழுதிவிட்டாயா, யாரைப் பார்த்தாய், என்ன சொன்னார்கள்? மகள் அதை ஆவல் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆலையில் வேலை பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவர்களை அவள் கடைக்கு அழைத்தாள். இன்னமும் எல்லோரும் ஸ்பின்னிங் அக்கா என்றே கூப்பிடும் அந்தக் கிழவி வந்தாள். கேட்டில் காவல் இருந்த கேட் மாமா கைத்தடியோடு வந்தார். இன்னும் சில பேர் வந்தார்கள். பக்கத்துக் கடையில் பெஞ்சு இரவல் வாங்கிப் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஃபோனில் பதிவை ஓடவிட்டுவிட்டு அவள் கேட்டாள். அன்றைக்கு முதலில் உள்ளே போனது யார்?

கேட் மாமாதான் தொண்டையைச் செருமினார். "உங்கப்பா இல்லம்மா. அவர் தங்கமான மனுஷன்." உடனே இன்னொருவர் ஆமாம் என்றார். வெளியூர் ஆள் ஒருத்தனைக் கொண்டுவந்து உள்ளே விட்டார்கள் என்று மூன்றாமவர் சொல்ல, அது சரிதான், நீலச் சட்டை போட்டிருந்தான் என்று கேட் மாமா சேர்த்துக்கொண்டார். டீ ஆறுவதற்குள் அந்த வெளியூர்க்காரனுக்கு மீசையும் சைக்கிளும்கூட வந்துவிட்டன. ஸ்பின்னிங் அக்கா மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்க சொல்லுங்க பெரியம்மா என்று கேட்டதற்கு, அவங்க சொல்றதுதான் என்று முடித்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தையல் மெஷின் மேல் தலைசாய்த்து அழுதாள். எத்தனை வருஷத்து அழுகை! கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அம்மா கடைசிவரை கேட்டாள். "சரி" என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று மகள் நினைத்தாள்.

மறுநாள் மேடத்தின் அறையில் அதே பதிவு ஓடியது. மேடம் கையில் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் கேட்டார். முடிந்ததும், "இதுல 'உங்கப்பா'ன்னு சொல்றாங்களே, யாரைச் சொல்றாங்க?" என்றார்.

இனி மறைக்க வழியில்லை. "அந்த ஃபிட்டர் எங்கப்பாதான் மேடம்."

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தன்னைவிட வயதில் மூத்த மாணவியிடம் இதை எப்படிச் சொல்வது என்ற தயக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. மெதுவாகத்தான் சொன்னார். கேட்டது யார்? மகள். கேட்ட இடம் எது? மகளின் கடை. கையில் மகள் கொடுத்த டீ. பக்கத்தில் மற்றவர்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு அடுத்தவர் சொல்கிறார், அவருக்கு அடுத்தவர் அதற்கு மீசை வைக்கிறார். சாட்சிகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே படித்தோமே. இதை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது.

"அப்போ அவங்க எல்லாரும் பொய் சொல்றாங்களா மேடம்?"

"பொய்ன்னு சொல்லமாட்டேன். உங்களுக்கு மரியாதை பண்ணியிருக்காங்க."

இந்த இடத்தில் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேற்றுப் பிறந்த பெண், ஏட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு என் அப்பா தலையில் மறுபடியும் பழியை ஏற்றுகிறாள் என்று கொதித்தாள். மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பட்டன் துளை போடுவதற்கு வந்திருந்த சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஊசி உடைய உடையத் தைத்தாள். ஊர் திரும்பிய கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டின் நிலவரத்தைப் புரிந்துகொண்டார். என்னவென்று கேட்டார். அவள் எல்லாவற்றையும், அந்த வைராக்கியத்தையும் சேர்த்து, முதன்முறையாக அவரிடம் சொன்னாள்.

அவர் கேலி பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "உனக்கு அப்பா பேர் சுத்தமாகணுமா, இல்ல என்ன நடந்துச்சுன்னு தெரியணுமா? அதை மொதல்ல முடிவு பண்ணு. ரெண்டுக்கும் ரோடு வேற."

இரண்டும் ஒன்றுதான் என்று அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வி அவளை அரித்தது. மூன்று வருஷம் படித்த படிப்பு உள்ளே போய்விட்டது. இனி அதைக் கழற்றி வைக்க முடியாது. அந்த நீலச் சட்டைக்காரனை அவளே நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

வகுப்பில் அவளிடம் ஒட்டிக்கொண்ட பெண் ஒருத்தி உண்டு. பேச்சை நிறுத்தத் தெரியாததால் எல்லோருக்கும் அவள் வாயாடி. அவளைக் கூப்பிட்டு, நான் யாரென்று சொல்லாமல், அதே ஆட்களை அவரவர் வீட்டில் தனித்தனியாகப் பார்த்து, அதே கேள்வியை நீ கேட்டுவிட்டு வா என்றாள். மறுபடி கல்லூரிக்குப் போய், இந்த யோசனைக்கு மேடத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியாயிற்று. வாயாடிக்கு அன்று வாயே வரவில்லை.

"அவங்க ஏதாவது தப்பா சொல்லிட்டா? அதைக் கொண்டுவந்து உங்க கையில நான் எப்படிக்கா கொடுப்பேன்?"

"ஃபோனைக் கொடுத்துட்டுப் போயிடு. நீ பக்கத்துல இருக்க வேணாம்."

சொன்னபடியே வாயாடி ஒரு மத்தியானம் ஃபோனைக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஓடிப்போனாள். அம்மா அன்று வீட்டில் இருந்தாள். வெயில் சந்து முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. எதிரில் யாரோ வாளியைக் கழுவும் சத்தம். அவள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, அளவெடுக்கும் டேப்பைக் கையில் சுற்றியபடி கேட்டாள்.

நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி உலகம் பேசுவதைக் கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது? அவள் கேட்டாள். கேட் மாமாவின் குரலில் மரியாதை எல்லாம் போயிருந்தது. அந்தக் கருங்காலி ஃபிட்டர்தான், நான்தானே கேட்டைத் திறந்துவிட்டேன், முகத்துக்கு நேரே பார்த்தேன் என்றார். சமீபத்தில் அவனுடைய மகள் டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டாள், பாவம் பெண்பிள்ளை, வாய் வரவில்லை என்று சிரிக்கவும் செய்தார். மற்றவர்களும் கூட்டியும் குறைத்தும் அதையேதான் சொன்னார்கள். தனித்தனியாக, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல்.

கடைசியாக ஸ்பின்னிங் அக்கா. பதிவில் வெறும் மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்த மெல்லிய குரல் வந்தது.

"ஃபிட்டர்தான் மொதல்ல போனார். நான் எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தேன், அங்கிருந்து கேட் தெரியும். பார்த்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா கண்ணு? அப்பாடான்னு இருந்துச்சு. வீட்ல பிள்ளைங்க பட்டினி. யாராவது ஒருத்தர் மொதல்ல போயிடமாட்டாங்களான்னு தெருவே காத்துக்கிட்டிருந்துச்சு. போற ஆளு நாமளா இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அவர் போனார். அதை வச்சு நாங்க பிழைச்சோம். அப்புறம் அவரையே காறித் துப்பினோம்."

கையில் சுற்றியிருந்த டேப் விரல்களில் பதிந்து சிவந்திருந்தது. அவள் அழவில்லை. எதற்காகப் படிக்க வந்தாளோ அது அந்த மத்தியானத்தில் முடிந்துபோயிற்று. அப்பா போயிருக்கிறார். அவர்தான் முதலில் போயிருக்கிறார். ஆனால் அதைச் சொன்ன அதே குரல், அவள் கேட்கத் துணியாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. அதை அவள் பதிவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

அவள் எழுதினாள். ஃபிட்டர் முதலில் உள்ளே போனார் என்று எழுதினாள். அவர் இதை எழுதுபவரின் தந்தை என்று முன்னுரையிலேயே எழுதினாள். கடையில் நடந்த டீ விருந்தை ஒளிக்காமல் எழுதி, அந்தப் பதிவை ஏன் ஏற்கவில்லை என்றும் எழுதினாள். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றார். யார் சொன்னதை எழுதினோமோ அவர்களிடமே அதைப் படித்துக் காட்ட வேண்டும். இப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னால்தான் வைக்கலாம். வேண்டுமானால் அதற்கும் வாயாடியையே அனுப்பலாம் என்றார்.

"இல்ல மேடம். இதுக்கு நான்தான் போகணும்."

கேட் மாமா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, கருங்காலி என்ற வார்த்தையையும் விடாமல், அவள் படித்தாள். குரல் ஓரிடத்தில் இடறியது. நிறுத்திவிட்டு மறுபடி படித்தாள். கிழவர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடும்மா."

"எடுக்கச் சொன்னா எடுத்துடுறேன் மாமா. ஆனா நீங்க எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டீங்க?"

அவர் தெருவைப் பார்த்தார். ஒரு சைக்கிள் போய் மறையும் வரைக்கும் பார்த்தார். இருக்கட்டும் என்றார். அவள் எழுந்து படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. கேட்டைத் திறக்கச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை, அவன் வந்து நின்றான், நானாகத்தான் திறந்தேன், அதையும் எழுதிக்கொள் என்றார்.

ஸ்பின்னிங் அக்காவின் வீடு இன்னும் அதே ஆலைத் தெருவில், அதே கதவோடு இருந்தது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, அவள் படிக்கப் படிக்க அக்கா கேட்டாள். படித்து முடித்ததும் கிழவி கை நீட்டி அந்தத் தாளைத் தொட்டாள்.

"எல்லாம் நான் சொன்னதுதான். ஒண்ணு விட்டுப்போச்சு. உங்கப்பாவுக்கு அடுத்து உள்ளே போனது நான்."

அவள் பேனாவை எடுத்தாள். எழுத வரவில்லை.

"அவர் கேட்டுக்குள்ள போய்த் திரும்பிக்கூடப் பார்க்கல. நான் தலையில முக்காட்டைப் போட்டுக்கிட்டுப் பின்னாலேயே போயிட்டேன். ரெண்டாவதா போனவளை யாரு கேட்டா? அவர் செத்த அன்னிக்கு ஏன் கதவைச் சாத்தினேன்னு நினைக்கிறே? உங்கம்மா மூஞ்சில முழிக்க எனக்கு யோக்யதை இல்ல. எழுது. ரெண்டாவது நான்னு எழுது."

அந்தக் கதவை எத்தனை வருஷம் வெறுத்திருப்பாள்! அவள் பேனாவை மூடிவிட்டுக் கட்டிலில் கிழவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எழுதுவது அப்புறம் ஆகட்டும் என்று தோன்றியது. கிழவியின் கை அவளுடைய முதுகில், துணி விலகாமல் நீவிக்கொடுப்பது போல, மேலும் கீழும் போய்வந்தது.

மற்றவர்களுக்கும் படித்துக் காட்டியாயிற்று. சாட்சி சொல்லாவிட்டாலும் கேட்டாக வேண்டியவள் என்று இனி அம்மா ஒருத்திதான் பாக்கி.

மகளைக் கேட்டால், அத்தனையிலும் கொடியது இதுதான் என்பாள். கண் தெரியாத தாய். அவளால் தாளைப் படித்துப் பார்க்க முடியாது. அப்பா போகவில்லை என்று எழுதியிருப்பதாக வாயால் படித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடட்டுமே. மகள் இரண்டு மூன்று நாள் அந்தத் தாள்களைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு காலையில் கடையைத் திறந்து, வாடிக்கைக்காரர்கள் வருமுன், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து எடுத்தாள். படிக்கத் தொடங்கினாள். என்ன எழுதியிருந்ததோ அதையே படித்தாள்.

"ஃபிட்டர் முதலில் உள்ளே போனார்" என்ற இடம் வந்தது. அம்மாவின் கைகள் நூல் நுனியை விட்டன.

"தெரியும்" என்றாள் அம்மா.

மகளுக்கு முதலில் காதில் விழவில்லை. அம்மா மறுபடி சொன்னாள்.

"எனக்குத் தெரியாதாடி? அன்னிக்கு விடிஞ்சதும் அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நின்னார். திரும்பி வந்து கழட்டினார். மறுபடி போட்டுக்கிட்டார். நான் போங்கன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல. இருந்ததைக் கிண்டி டப்பாவில போட்டு அவர் கையில கொடுத்தேன். அதுக்கு மேல ஒரு பொம்பளை வாயைத் திறந்து வேற சொல்லணுமா?"

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட போகலன்னு சொன்னே?"

"நீ அழுதுகிட்டு வந்தே. வாயில வந்தது. நாளைக்கு மாத்திச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் நீ பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டு, எங்கப்பா போகலன்னு சொல்லிட்டேன்னு வந்து குதிச்சே. அவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். ஒண்ணும் சொல்லல. உன்னைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டார். இந்த வீட்ல ஒரு ஆளாவது நம்புதே, அதைக் கெடுக்காதேன்னு ராத்திரி எங்கிட்ட கேட்டுக்கிட்டார். அப்புறம் நான் எந்த வாயால மாத்துறது?"

அப்பா பேசாமல் இருந்ததன் பொருள் அவளுக்கு அன்றுதான் விளங்கியது. தெரு முழுவதும் முதுகைக் காட்டியபோது, அவரை நிமிர்ந்து பார்த்தது அவள் ஒருத்தியின் முகம்தான். அந்த முகத்தைக் காப்பாற்ற அவர் வாயைத் திறக்காமலே செத்துப்போயிருக்கிறார். அவள் அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சந்து கேட்க, வாய்விட்டு அழுதாள். ஜிப் மாற்ற வந்த ஒருவர் படியில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அழுது ஓய்ந்ததும் அம்மா அவளுடைய தலையை நிமிர்த்தினாள். "எல்லாரையும் எழுதியிருக்கே. டப்பா கட்டிக் கொடுத்தவளை விட்டுட்டே. அதையும் எழுது."

வைவா நடந்த அறையில் மேடமும், வேறு கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் கறாரானவர் என்று பிள்ளைகள் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அவர் தாள்களைப் புரட்டிக் கடைசிச் சாட்சியத்தில் வந்து நின்றார். மகள் தன் தாயிடம் கேட்டு எழுதியது. இதே ப்ராஜெக்டில், மகளாக இருந்து கேட்ட பதிவை ஏற்கமுடியாது என்று நீங்களே தள்ளியிருக்கிறீர்கள். இதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார்.

நியாயமான கேள்வி.

"முழுசா நம்ப முடியாது சார். அதை அடியிலேயே எழுதியிருக்கேன். ஆனா மத்தவங்க எனக்குப் பிடிச்சதைச் சொன்னாங்க. எங்கம்மா, நான் கேட்கவே பயந்ததைச் சொன்னாங்க. அந்த வித்தியாசத்துக்காக வச்சிருக்கேன்."

பேராசிரியர் அந்தப் பக்கத்தை மறுபடியும் ஒருமுறை படித்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. வெளியே வாயாடி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். எப்படிக்கா போச்சு என்று கேட்டதற்கு, உண்மையைச் சொல்லிட்டேன், அதுக்கு எவ்வளவு மார்க்குன்னு தெரியல என்றாள்.

அவள் தேறினாள். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருஷம் அந்த வகுப்பில் எல்லோருமே தேறினார்கள்.

பரீட்சைகள் முடிந்த பிறகு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நீண்ட பெஞ்சில் வரிசை நகர நகர உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி பேச்சுக் கொடுத்தாள். எந்தத் தெரு என்று கேட்டாள். முன்பு ஆலைத் தெருவில் இருந்தோம் என்றாள் அம்மா. அப்படியா, எங்கள் சொந்தக்காரர்கள்கூட அந்த ஆலையில் இருந்தார்களே, நீங்க யார் வீடு என்று அந்தப் பெண்மணி ஆவலாகத் திரும்பினாள்.

மகளின் கை தன்னையறியாமல் அம்மாவின் கையைப் பற்றியது. இந்தக் கேள்விக்கு அம்மா காலமெல்லாம் பேச்சை மாற்றியவள். தண்ணீர் வேண்டும் என்பாள், அல்லது வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவாள்.

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மங்கிய கண்களை அந்தக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"ஸ்ட்ரைக் அப்போ மொதல்ல உள்ளே போனாரே ஒரு ஃபிட்டர், அவர் என் வீட்டுக்காரர்" என்றாள்.